மருந்துக்கும் கேளாத பூச்சிகள்

ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் தோட்டத்துச் செய்தியும் ஒரு பங்காக இருப்பதை எமது வாசகர்கள் நன்கறிவர். “தம்பி, போன முறை அடிச்ச மருந்துக்குப் பூச்சி கேக்குதில்லை. இப்ப அதைவிடப் பலமானது ஒண்டு கடையிலை வந்திருக்காம். கொஞ்சக் காசு அனுப்பிவிட்டியெண்டால் வாங்கி அடிச்சுப் பாப்பம்” என்று பெரியப்பாவோ மாமாவோ கேட்கும்போது எம்மவர் மறுப்பதில்லை. காணியை விட்டு வந்தவர்கள் நாம். அதைக் காத்திருப்பவர்கள் அவர்கள். இலண்டனில் இரவு வேலை செய்து ஈட்டிய பவுண்கள் இவ்வாறு கிருமிநாசினிப் போத்தல்களாக மாறி, குடாநாட்டிலும் வன்னியிலும் மிளகாய்க் கன்றின் மேலும் நெற்பயிரின் மேலும் தெளிக்கப்படுகின்றன. அடுத்த போகத்தில் அதே குரல் அதே முறைப்பாட்டுடன் மீண்டும் வருகின்றது. மருந்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

பூச்சி ஏன் மருந்துக்குக் கேளாமற் போகின்றது? அதனிலும் பலமான மருந்து அதற்குப் பரிகாரமாகுமா? இவ்விரு வினாக்களையும் இவ்வாரம் ஆராய விழைகின்றோம். நாம் கலைத்துறையிற் பட்டம் பெற்று, வகுப்பறையில் வரலாறும் தமிழும் கற்பித்தவரேயன்றி விவசாய விஞ்ஞானம் பயின்றவரல்லர். ஆயினும் இதுவும் ஒரு வரலாறே. அதன் முக்கிய அத்தியாயங்களுள் இரண்டு, நாம் அடைக்கலம் புகுந்துள்ள இந்த இலண்டன் மாநகரிலிருந்து முப்பது மைல் சுற்றுவட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்துள்ளன.

பழக்கமன்று, தெரிவு

கள்ளுக்குப் பழகியவன் போலப் பூச்சியும் நஞ்சுக்குப் பழகிவிடுகின்றது என்று எம்மூர்த் தோட்டக்காரர் சொல்வதுண்டு. இது தவறான விளக்கம். எந்தத் தனிப்பூச்சியும் நஞ்சை உண்டு உண்டு தேறுவதில்லை. ஒரு தோட்டத்திலுள்ள இலட்சக்கணக்கான பூச்சிகளுள், பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கவல்ல சில எப்போதும் இருக்கும். மருந்தடித்ததும் ஏனையவை மடிய, அச்சில மட்டும் எஞ்சி இனம் பெருக்குகின்றன. மறுமுறையும் அதே மருந்தை அடித்தால் அவற்றின் வழித்தோன்றல்களே தோட்டத்தை நிரப்புகின்றன. ஆசிரியர் ஒருவர் ஒரேயொரு வினாவை வைத்துக்கொண்டு, அதற்கு விடையறிந்த பிள்ளைகளை மட்டும் வகுப்பேற்றி வந்தால், மேல்வகுப்பில் எத்தகைய பிள்ளைகள் இருப்பர்? அந்த வினாவால் மடக்க முடியாத பிள்ளைகளே இருப்பர். மருந்தடிப்பவரும் தம்மை அறியாமல் இவ்வாறான பரீட்சையொன்றையே நடத்துகின்றார்.

மனிதருக்குத் தலைமுறை மாற இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டும். மிளகாய்க் கன்றின் குருத்தில் மொய்க்கும் அழுக்கணவனுக்கு வெப்பமான காலத்தில் ஒன்றிரண்டு வாரங்கள் போதும். மேலும், அழுக்கணவனிற் பெண்ணானது ஆணின் துணையின்றியே குட்டிகளை ஈனும். தாயிடமுள்ள ஆற்றல் சிறிதும் குறையாமற் பிள்ளைகளுக்குச் செல்கின்றது.

இச்செய்தி புதியதுமன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்களைத் தாக்கிய செதிற் பூச்சி, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலுக்குச் சில இடங்களில் மடிய மறுப்பதை 1914ஆம் ஆண்டிலேயே மெலண்டர் என்ற ஆய்வாளர் எழுதி வைத்தார். அவருடைய எச்சரிக்கையை அக்காலத்திற் பெரும்பாலானோர் பொருட்படுத்தவில்லை. டி.டி.ரி. என்னும் அற்புத மருந்தின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த போல் முல்லருக்கு 1948ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே ஐரோப்பாவில் டி.டி.ரி.க்கு மடியாத வீட்டு ஈக்கள் தோன்றிவிட்டன.

ஹார்ப்பெண்டனிற் பிறந்த மருந்து

சென் பங்கிராஸ் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் ஏறத்தாழ அரை மணி நேரம் பயணஞ் செய்தால் ஹார்ப்பெண்டன் என்னும் சிறு நகரம் வரும். அங்குள்ள றொத்தம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையம் 1843ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய விவசாய ஆராய்ச்சி நிலையங்களுள் அது ஒன்று.

செவ்வந்தியை ஒத்த பைரித்திரம் என்ற பூவின் பொடி பூச்சிகளைக் கொல்லும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். கென்யாவில் அது பெருமளவிற் பயிரிடப்பட்டது. மனிதருக்கு அதனால் வரும் தீங்கு குறைவு. ஆனால் வெயில் பட்டதும் அதன் வீரியம் அழிந்துவிடும். ஆகையால் வீட்டினுள்ளே நுளம்புச் சுருளுக்கு உதவியதேயன்றி வயலுக்கு உதவவில்லை. றொத்தம்ஸ்ரெட்டில் மைக்கல் எலியட் என்பவரின் குழுவினர் பல்லாண்டு முயன்று அந்தப் பூவின் நஞ்சைச் செயற்கையாக மாற்றியமைத்து, வெயிலைத் தாங்கும் பேர்மெத்திரினை 1973ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தனர். டெல்ராமெத்திரினும் சைப்பர்மெத்திரினும் அதன் உடன்பிறப்புகள். மிகச் சிறிய அளவே போதும். முன்னைய மருந்துகளோடு ஒப்பிடுகையில் மனிதருக்கு அபாயமும் குறைவு. இந்தக் குடும்பத்துக்குப் பைரித்திரொயிட் என்று பெயர். இன்று கிருமிநாசினிக் கடைகளில் வெவ்வேறு வணிகப் பெயர்களுடன் காணப்படும் போத்தல்களிற் பல இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

அதே வளவில், அதே ஆண்டுகளில், வேறு சிலர் எதிர்த்திசையிற் பணியாற்றிக்கொண்டிருந்தனர். அலன் டெவன்சயர், றோமன் சவிக்கி என்னும் இருவரும் மருந்துக்கு மடியாத அழுக்கணவனை ஆராய்ந்தனர். அவர்கள் தெரிந்தெடுத்த இனம் உருளைக்கிழங்கிலும் சீனிக்கிழங்கிலும் இங்கே வாழ்வது. எம்மூரில் மிளகாயையும் புகையிலையையும் தாக்குவதும் அதுவே. அந்தப் பூச்சியின் உடலிலே நஞ்சைப் பிடித்துச் சிதைக்கும் நொதியம் ஒன்று உண்டு. சாதாரணப் பூச்சியில் அதனை ஆக்கும் மரபணு ஒரு பிரதியே இருக்க, மடியாத பூச்சியில் அது இரட்டித்து, மேலும் இரட்டித்து, பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அதற்கேற்ப நொதியமும் பன்மடங்காகச் சுரந்தது. 1979ஆம் ஆண்டு இதனை அவர்கள் வெளியிட்டனர். மருந்து பூச்சியின் உடலுக்குள் நுழைகின்றது. நரம்பைச் சென்றடைவதற்குள் பிடித்து விழுங்கப்பட்டுவிடுகின்றது.

மற்றொரு வழியும் உண்டு. நஞ்சு சென்று பற்றிக்கொள்ளும் நரம்புத் தானமே சற்று உருமாறி, திறப்புப் பொருந்தாத பூட்டாகிவிடுகின்றது. டி.டி.ரி.யும் பைரித்திரொயிட்டும் ஒரே பூட்டைத் திறக்கும் இரு திறப்புகளாகும். ஆகவே எங்கள் தகப்பன்மார் காலத்து டி.டி.ரி.க்கு ஈடுகொடுத்த பூச்சிகளிற் சில, தாம் ஒருபோதும் கண்டிராத பேர்மெத்திரினுக்கும் அணியமாகவே இருந்தன. புதிய போத்தலை வாங்குவது புதிய மருந்தை வாங்குவதாகாது என்ற உண்மையை இங்கிருந்தே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஹார்ப்பெண்டன் செல்லும் அதே புகையிரதத்தின் யன்னலூடாகச் சித்திரை, வைகாசி மாதங்களில் மஞ்சட் கம்பளம் விரித்தாற்போல் வயல்கள் தோன்றுவதைப் பலர் பார்த்திருப்பர். அது கடுகினத்தைச் சேர்ந்த எண்ணெய்ப் பயிர். 2012ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏழரை இலட்சம் ஹெக்டேயர் வரை பயிரிடப்பட்ட அது, பத்து ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. தேனீக்களுக்குத் தீங்கென்று நியோனிக்கொட்டினொயிட் என்ற வகை விதைமருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013ஆம் ஆண்டின் இறுதியிற் கட்டுப்பாடு விதித்தது. தத்துவண்டு என்னும் பீடையை அடக்கப் பைரித்திரொயிட் மட்டுமே எஞ்சியது. எல்லோரும் அதையே அடித்தனர். 2014ஆம் ஆண்டில், அதற்கு மடியாத வண்டுகள் இங்கிலாந்தில் இருப்பது உறுதியாயிற்று. தேனீயைக் காத்தது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரேயொரு மருந்தில் முழுப் பாரத்தையும் ஏற்றினால் அம்மருந்தும் முறிந்துவிடும். இத்தனை ஆராய்ச்சி நிலையங்களும் விஞ்ஞானிகளும் உள்ள நாட்டிலேயே இந்நிலையென்றால், ஆலோசனைக்குக் கடைக்காரரையே நம்பியிருக்கும் எம்மூர்த் தோட்டக்காரரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

கண்ணாடிக் கூடத்துக் குளவி

இரண்டாவது அத்தியாயம் இலண்டனின் வடக்கெல்லையை அண்டிய லீ பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. என்ஃபீல்டைத் தாண்டிச் செசண்ட் வரை ஒரு காலத்தில் கண்ணாடிக் கூடங்கள் செறிந்திருந்தன. இலண்டன் உண்ட தக்காளியிலும் வெள்ளரியிலும் பெரும்பங்கு அங்கே விளைந்தது. அந்தப் பயிர்களின் பெரும் பகை வெண் ஈ. 1926ஆம் ஆண்டு, எல்ஸ்ற்றீ என்ற ஊரிலே தக்காளி வளர்த்தவர் ஒருவர், இலையின் கீழ்ப்புறத்தில் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டிய வெண் ஈயின் கூடுகளிற் சில கறுத்திருப்பதைக் கண்டார். செசண்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவை அனுப்பப்பட்டன. அங்கே ஸ்பெயர் என்ற ஆய்வாளர், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சிறு குளவியொன்று வெண் ஈயின் இளம் பருவத்துக்குள் முட்டையிட்டு அதனை அழிப்பதைக் கண்டறிந்தார். 1930ஆம் ஆண்டளவில் அந்நிலையம் ஆண்டொன்றுக்குப் பதினைந்து இலட்சம் குளவிகளை வளர்த்துத் தோட்டக்காரருக்கு விநியோகித்து வந்தது. கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும்கூட அவை சென்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து டி.டி.ரி. வந்ததும் குளவி வளர்ப்பு கைவிடப்பட்டது. போத்தலில் வருவதைத் தெளிப்பது எளிதாக இருக்கையிற் குளவியை யார் வளர்ப்பார்? வெண் ஈயும் செஞ்சிலந்தி எனப்படும் சிற்றுண்ணியும் ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொன்றாகத் தோற்கடிக்கும் வரை அவ்வாறே நடந்தது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பியத் தோட்டக்காரர் மீண்டும் குளவியைத் தேடிச் சென்றனர். ஒல்லாந்திலே வெள்ளரி வளர்த்த கொப்பேர்ட் என்பவர், சிற்றுண்ணி மருந்துக்கு மடியாமற் போக, அதனை உண்ணும் இன்னொரு சிற்றுண்ணியை வளர்த்துப் பயன்படுத்தி, 1967ஆம் ஆண்டு அதனையே தொழிலாக்கினார். இன்று கண்ணாடிக் கூடங்களில் வெண் ஈயை அடக்கும் முதல் ஆயுதங்களுள் அந்த எல்ஸ்ற்றீக் குளவியும் ஒன்று. வீட்டுத் தோட்டக்காரருக்கும் அது அட்டையிற் பொதிந்து தபாலில் வருகின்றது. இருபது ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்த அறிவு அழிந்து போகாமல், எழுதி வைக்கப்பட்டிருந்தமையால் மீண்டது என்பதை முன்னாள் ஆசிரியர் என்ற முறையிற் குறிப்பிடாதிருக்க முடியவில்லை.

நுளம்பு சொன்ன சாட்சி

இனி எமது நாட்டுக்கு வருவோம். மலேரியா இலங்கையின் வறண்ட வலயத்தைச் சூறையாடிய நோய். வன்னியிலே குடியேறியவர்களின் முதற் பகை அதுவே. 1946ஆம் ஆண்டளவில் வீடுவீடாக டி.டி.ரி. தெளிக்கும் பணி நாடு முழுவதும் தொடங்கியது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கு மட்டுமே நோய் காணப்பட்டது. தெளிப்பதை நிறுத்தினர். நோய் திரும்பியது; 1969ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். மறுபடி தெளித்தபோது நுளம்பு டி.டி.ரி.க்கு மடிய மறுப்பது தெரிய வந்தது. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியன் என்ற மருந்துக்கு மாறினர்.

அப்போது அரசாங்கம் செய்த ஒரு காரியம் பாராட்டத்தக்கது. மலத்தியனை நுளம்பு ஒழிப்புக்கென ஒதுக்கி, பயிர்களுக்கு அதனை அடிப்பதைத் தடுத்தது. வயலில் அதே மருந்து புழங்கினால், வயல்நீரிற் பிறக்கும் நுளம்பும் அதற்கு ஈடுகொடுக்கக் கற்றுவிடும் என்பதே காரணம். அந்த அச்சம் வீணானதன்று என்பதை வேறொரு நுளம்பு காட்டியது. நெல்வயலிலே முட்டையிட்டு, வெளியிலேயே தங்கி வாழும் ஒரு வகை அனோபிலிசு நுளம்பு இலங்கையில் உண்டு. வீட்டுச் சுவரில் அடித்த மருந்து அதனை அதிகம் தீண்டியிராது. எனினும் பலவகை மருந்துகளுக்கும் அது மடியாதிருந்தது. நெல்லுக்கு அடித்த மருந்துகளே அதனை அவ்வாறு ஆக்கின என்று 1986ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. வயலில் ஒருவர் அடிக்கும் மருந்து அவருடைய வரம்போடு நிற்பதில்லை. அயலவர் பிள்ளையின் காய்ச்சலிலும் அதற்குப் பங்குண்டு. 2016ஆம் ஆண்டு இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் அளித்தது. மருந்து ஒன்றினால் மட்டும் கிட்டிய வெற்றியன்று அது.

அறக்கொட்டியும் ஐம்பத்தேழு மருந்துகளும்

நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்தியை மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியினர் அறக்கொட்டி என்பர். தமிழகத்தில் அது புகையான். பயிரின் அடித்தண்டில் அமர்ந்து சாற்றை உறிஞ்ச, வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து போகும். இப்பூச்சியிலேதான் மருந்தின் விந்தையை முழுமையாகக் காணலாம். மருந்தடிக்க அடிக்க அது பெருகும்!

அறக்கொட்டி தன் முட்டைகளை நெற்தாளின் உறைக்குள்ளே செருகி வைக்கின்றது. தெளிக்கும் மருந்து அவற்றைச் சென்றடைவதில்லை. ஆனால் வயலிலே அதனை வேட்டையாடித் தின்னும் சிலந்திகளும், முட்டையை உறிஞ்சும் சிறு நாவாய்ப் பூச்சிகளும் திறந்த வெளியில் இருக்கின்றன. அவை முதலில் மடிகின்றன. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும்போது வயலிற் காவலர் எவருமில்லை. எஞ்சிய தத்திகளோ மருந்தைத் தாங்கும் இனம்.

இந்தோனேசியா இதற்குப் பெரும் விலை கொடுத்தது. அங்கே அரசாங்கம் பூச்சிமருந்தின் விலையிற் பெரும்பகுதியைத் தானே செலுத்தி மலிவாகக் கொடுத்தது. 1985, 86ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவின் வயல்களைத் தத்தி அழித்தது. 1986 நவம்பரில் சனாதிபதி சுகார்த்தோ ஒரே கட்டளையால் ஐம்பத்தேழு மருந்துகளை நெல்லுக்கு அடிக்கலாகாதெனத் தடுத்தார். 1989ஆம் ஆண்டுக்குள் மானியமும் நின்றது. கமக்காரர் வயலிலேயே கூடி, எது பகை, எது நட்பு என்று கண்ணாற் கண்டு கற்கும் கள வகுப்புகள் தொடங்கின. மருந்து குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை. இலங்கையிலும் 1990களில் இத்தகைய வகுப்புகள் நடைபெற்றன. அவற்றிற் பயின்ற கமக்காரர், ஒரு போகத்துக்கு இரண்டு முறைக்கு மேல் மருந்தடித்த நிலையிலிருந்து ஒருமுறைக்கும் கீழாகக் குறைத்துக்கொண்டனர்.

பலமான புதிய மருந்து வந்தால் என்னாகும் என்பதற்கும் இதே பூச்சி சாட்சி. 1990களில் இமிடாகுளோபிரிட் என்ற மருந்து ஆசிய வயல்களுக்கு வந்தபோது அறக்கொட்டியின் கதை முடிந்ததென்றனர். 2003இல் தாய்லாந்திலும் 2005இல் சீனாவிலும் அது தோற்றது. மாறாக, இரத்து ஹீனட்டி என்ற இலங்கையின் பழைய நெல்லினம், எந்த மருந்துமின்றி இப்பூச்சியை எதிர்த்து நிற்கும் மரபணுவைத் தன்னகத்தே வைத்திருப்பதால், உலக நெல் ஆராய்ச்சியாளர் அதனைத் தேடிப் பெற்றுப் பயன்படுத்துகின்றனர். எம்மவரும் ஒருகாலத்தில் விதைநெல்லைக் குதிர்களில் வகைவகையாகக் காத்தவர்களே.

பூச்சிக்கும் புகலிடம்

ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் 1987-88 பருவத்தில் நடந்ததை எழுதும்போது கை நடுங்குகின்றது. பருத்திக் காய்ப்புழு பைரித்திரொயிட்டுக்கு மடிய மறுத்தது. கடன் வாங்கி மருந்து வாங்கியவர்கள் மீண்டும் மீண்டும் அடித்தனர். விளைச்சல் இல்லை, கடன் மட்டும் நின்றது. கமக்காரர் பலர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். எமது நாடும் இத்துயரை அறியும். இலங்கை 1995ஆம் ஆண்டில் மிகக் கொடிய வகை மருந்துகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடைசெய்த பின்னர், அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் அதனாற் குன்றவில்லை. வீட்டிலே பலமான மருந்து இருக்க வேண்டும் என்ற எண்ணம் பயிருக்கும் உதவவில்லை, குடும்பத்துக்கும் உதவவில்லை.

ஆந்திரத்துப் புழுவை அடக்க 2002ஆம் ஆண்டு இந்தியாவுக்கு மரபணு மாற்றிய பருத்தி வந்தது. செடியே நஞ்சைச் சுரக்கும். அதனுடன் ஒரு நிபந்தனையும் வந்தது. வயலின் ஓரத்தில் நஞ்சற்ற சாதாரணப் பருத்தியையும் ஒரு பங்கு நட வேண்டும். அங்கே புழுக்கள் நஞ்சின்றி வாழ வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், எம்மை அகதிகள் என்று குறிக்கும் சொல்லுக்கு வேரான அதே சொல்: புகலிடம். வேண்டுமென்றே பூச்சியை வாழவிடுவதா என்று வியக்கலாம். நஞ்சைத் தாங்கிய புழுக்கள் மிகச் சில. அவை வளர்ந்து அந்துப்பூச்சியானதும், புகலிடத்தில் வளர்ந்த எண்ணற்ற சாதாரணப் பூச்சிகளோடு கூடினால், பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் நஞ்சுக்கு மடியும். புகலிடம் இல்லாவிடில் தாங்கியவை தாங்கியவற்றோடேயே கூடும்.

இந்தியக் கமக்காரர் பலர் அந்தப் புகலிட விதைப் பொட்டலத்தை வீசிவிட்டனர். சிறு காணிக்காரர் ஒரு பங்கைப் பூச்சிக்கு விடுவது எளிதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். 2010ஆம் ஆண்டளவில் குசராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தோற்கடித்தமை வெளிப்பட்டது. அதே புழுவை அமெரிக்காவின் அரிசோனாவில் புகலிடப் பயிர்களை ஒழுங்காக நட்டு, பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு, 2018ஆம் ஆண்டில் அமெரிக்கப் பருத்தி வயல்களிலிருந்து முற்றாக ஒழித்தனர். பூச்சியும் செடியும் ஒன்றே. வேறுபட்டது மனிதர் நடந்துகொண்ட முறை.

அவுஸ்திரேலியரின் உடன்பாடு ஒன்றும் அறியத்தக்கது. 1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்தின் எமரல்ட் பகுதியிற் பைரித்திரொயிட் தோற்கத் தொடங்கியதும், அடுத்த பருவத்திலேயே பருத்திக் கமக்காரர் அனைவரும் ஓர் ஒழுங்குக்கு இணங்கினர். பருவத்தின் நடுவே ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் மட்டும் அந்த மருந்தை அடிப்பது. முன்னும் பின்னும் வேறு வகைகள். பூச்சியின் ஒரு தலைமுறை மட்டுமே அந்த மருந்தைச் சந்திக்கும். எதிர்ப்பாற்றல் அறவே ஒழியவில்லை. ஆனால் அதன் வேகம் தணிந்தது, மருந்துக்குப் பல ஆண்டு ஆயுள் கிடைத்தது. ஒருவர் இணங்கி அயலவர் இணங்காவிடில் இது நடவாது. குளத்து நீரை முறை வைத்துப் பாய்ச்சிய எம்மவருக்கு இது விளங்காத விடயமா?

ஊரவர் கேட்க வேண்டியவை

உடனடியாக மருந்தனைத்தையும் விட்டுவிடுங்கள் என்று நாம் எழுதப் போவதில்லை. 2021 வைகாசியில் இலங்கை அரசு இரசாயன உரத்தையும் பீடைநாசினியையும் ஒரே நாளில் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்க நேர்ந்ததையும், அந்தக் காலபோகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததையும் கண்டோம். இயற்கை மருந்தென்றால் எதிர்ப்பாற்றல் வராது என்பதும் மெய்யன்று. மண்ணில் வாழும் பற்றீரியாவிலிருந்து எடுத்த மருந்துக்கும் கோவாவைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி 1990ஆம் ஆண்டளவிலேயே ஈடுகொடுத்துவிட்டது.

எனவே பணம் கேட்டு அழைப்பு வரும்போது சில வினாக்களையும் நாம் கேட்கலாம். புதிய மருந்து எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது? உலகெங்கும் பூச்சிமருந்துகள் செயற்படும் விதத்தைக் கொண்டு எண்ணிடப்பட்டுள்ளன. காபமேற்றும் ஒகனோபொசுபேற்றும் முதலாம் கூட்டம். பைரித்திரொயிட் மூன்றாம் கூட்டம். இமிடாகுளோபிரிட் நான்காம் கூட்டம். கடைக்காரர் தரும் வணிகப் பெயரை விட்டு, போத்தலிற் சிறிய எழுத்தில் உள்ள இரசாயனப் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். இப்போது கைத்தொலைபேசியிற் படமெடுத்து அனுப்புவது எளிது. முன்னையதும் புதியதும் ஒரே கூட்டமென்றால் அந்தப் பணம் மண்ணுக்குள் போகும். இரண்டு மூன்று மருந்தை ஒரே தாங்கியிற் கலந்து அடிக்கும் வழக்கமும், அளவைக் குறைத்தோ கூட்டியோ அடிக்கும் வழக்கமும் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்து, பூச்சி உண்மையில் எவ்வளவு? நெல் விதைத்த முதல் நாற்பது நாட்களில் இலையைத் தின்னும் புழுவால் விளைச்சல் பெரும்பாலும் குறைவதில்லை. பயிர் தானே புதிய தளிர் விட்டு ஈடுசெய்யும். அப்போது அடிக்கும் மருந்து சிலந்திகளைக் கொல்வதற்கே உதவும். நாட்காட்டியைப் பார்த்து வெள்ளிக்கிழமை தோறும் அடிப்பதை விட்டு, கன்றைப் புரட்டிப் பார்த்து அடிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு சோளத்துக்குப் படைப்புழு வந்து சேர்ந்தபோது ஊரெங்கும் பதற்றத்திற் கிடைத்ததையெல்லாம் அடித்தனர். அந்தப் புழுவோ அமெரிக்கக் கண்டத்திலேயே பல மருந்துகளைத் தோற்கடித்த பின்னர்தான் கடல் கடந்தது.

கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருக்கின்றார். அவரிடம் செல்லத் தனியே ஒருவர் தயங்கலாம். பத்துத் தோட்டக்காரர் சேர்ந்து, இந்தப் போகத்தில் எந்தக் கூட்டம், அடுத்த போகத்தில் எந்தக் கூட்டம் என்று ஒரே முடிவெடுத்தால், இங்கிருந்து செல்லும் பணத்துக்கும் பொருளிருக்கும். ஊர்ச் சங்கங்கள் பாடசாலைக்கும் கோயிலுக்கும் சேர்க்கும் நிதியில் ஒரு சிறு பகுதியை இத்தகைய கள வகுப்பொன்றுக்கு ஒதுக்குவது குறித்துச் சிந்திக்கலாம் என்பது எமது தாழ்மையான கருத்து.

இலண்டன் வீடுகளின் யன்னலோரத்திற் சாடியிலே மிளகாயும் கத்தரியும் வளர்ப்போரும், மாநகரசபைத் தோட்டத் துண்டில் வெண்டியும் கீரையும் போட்டுப் பார்ப்போரும் எம்மிடையே பெருகி வருகின்றனர். அங்கு வரும் அழுக்கணவன் பெரும்பாலும் றொத்தம்ஸ்ரெட்டில் ஆராயப்பட்ட அதே இனமாக இருக்கக்கூடும். கடையில் வாங்கும் தெளிமருந்து அதற்குப் பலிக்காவிடில் இன்னொன்றை வாங்க வேண்டாம். இலையின் கீழ்ப்புறத்தை விரலால் நசுக்கித் துடைத்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாற் பெரும்பகுதி போய்விடும். பொறிவண்டு தென்பட்டால் அதனை விரட்டாதீர்கள். ஊருக்குப் போய்வரும்போது கறிவேப்பிலைக் கன்றையோ மல்லிகைப் பதியத்தையோ பயணப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவருவதையும் தவிர்க்க வேண்டும். நோயில்லையென்ற அரச சான்றிதழின்றி உயிர்ச்செடி கொண்டுவருவது இந்நாட்டிற் சட்டவிரோதம். அந்த இலையின் அடியில் ஒட்டியிருக்கும் வெண் ஈ, எல்ஸ்ற்றீயில் 1926ஆம் ஆண்டு கண்ட சாதுவான இனமாக இராது. வெப்ப நாட்டிலிருந்து வருவது வேறு இனம். பல மருந்துகளுக்கு மடியாதது. இந்நாட்டில் இன்னும் நிலைகொள்ளாத அதனைக் கண்ணாடிக் கூடங்களிற் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி.